வண்டிக்கு மாவுக்கட்டு

எபிக்குச் சுற்றத் தெரியவில்லை.
மூன்று முறை சுற்றி, மூன்று முறை அவிழ்த்து,
பழுப்பு நாடா ஷெட் தரை முழுக்கக்
குடல்போலக் கிடந்தபோது
டூட்டி முடிந்து வந்தேன்.
கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது;
கூட்ஸ் பெட்டி ஐம்பத்தெட்டு எண்ணியிருந்தேன்.

எஞ்சின், அடிபட்ட எஸ்டீமினுடையது.
புதுப்பேட்டையில் பேரம் பேசித் தூக்கி வந்தது.
சட்டம் சதுரக் குழாய், அவனே வெல்டு வைத்தது.
சீட்டு இரண்டு. கதவு கிடையாது.
புகைக்குழாய் இடப்பக்கம் வெளியே வந்து
ஏறி இறங்குகிறவள் கெண்டைக்கால் உயரத்தில்
பின்னால் போகிறது.
ஏறி இறங்குகிறவள் நான்.

ஏற்கெனவே அந்தக் காலில் ஒரு முத்திரை உண்டு.
கல்யாணமான புதிதில் அவன் யெஸ்டி வைத்தது.
காசிமேட்டில் இறங்கும்போது 'ஸ்ஸ்' என்று கேட்டது,
நானா சைலன்சரா
இன்னும் முடிவாகவில்லை.

"சுத்தாமலே விட்டா என்ன?" என்றான்.
வெல்டு விழுந்த வளைவுகளில்
வைக்கோல் நிறம், அடுத்து செம்பு,
அதற்கடுத்து நாவல்பழம் தின்ற நாக்கு.
மூன்று ராத்திரி தேய்த்த எஃகு.
மூடிவிட்டால் யார் பார்ப்பது?

நான் பக்கெட்டில் தண்ணீர் பிடித்தேன்.

பத்தொன்பது வருஷமாக ஸ்டான்லியில்
எலும்பு வார்டில் மாவுக்கட்டு போடுகிறேன்.
முக்குவது. குமிழி அடங்கும்வரை பொறுப்பது. பிழிவது.
முந்தின சுற்றில் பாதி ஏற அடுத்த சுற்று.
வளைவில் உள்பக்கம் நெருங்கும், வெளிப்பக்கம் விலகும்;
முழங்கையும் அப்படித்தான் ஏமாற்றப் பார்க்கும்.
கை என்னைக் கேட்கவில்லை, அதுவே போனது.
நான்கு குழாயும் ஒன்றாகக் கூடும் இடம் மட்டும்
நெருப்பில் விழுந்தவன் விரல்களைத்
தனித்தனியாகச் சுற்றுவது மாதிரி
நேரம் எடுத்தது.
எபி எஃகுப் பட்டையைக் குறடால் இழுத்து
மிச்சத்தை வெட்டினான். பேசவில்லை.
எங்கள் வார்டு பாய்களைவிடத் தேவலாம்.

கடைசியில் ஒரு சாண் விட்டு நிறுத்தினேன்.
"இன்னும் இருக்கே."
விரல்நுனியை மூடக் கூடாது.
நீலம் பாரிக்கிறதா என்று பார்க்க வேண்டும்,
யாருக்குக் கட்டினாலும் அதுதான் சட்டம்.
"நீலம் பாரிச்சாத்தான் இங்க அழகு" என்றான்.
அந்த ஒரு சாணை
இரவு பதினொன்றுவரை தேய்த்தான்,
முகம் தெரிகிறதா என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.
தெரிந்தது. இரண்டு பேருக்கும் மூக்கு பெரிதாக.

ஞாயிறு காலை முதல் உறுமல்.
முதலில் ஆவி. பிறகு புகை,
வெள்ளையாக, மஞ்சளாக, மூட்டை மூட்டையாக.
பக்கத்து பிளாஸ்டிக் கிடங்கு குல்சார் பாய்
குடத்தோடு ஓடி வந்தார்.
ஊற்றியிருந்தால் எல்லாம் போச்சு.
"ஒண்ணுமில்ல பாய், கட்டு காயுது."
அவர் குடத்தைக் கீழே வைக்கவே இல்லை,
புகை நிற்கும்வரை.

ஆர்டிஓ காகிதம் ஒன்றும் இல்லை.
மதிற்சுவருக்குள் இருபதடி முன்னால்,
இருபதடி பின்னால்.
அதற்கே எபி ஹெல்மெட் போட்டுக்கொண்டான்.
இறங்கும்போது வேண்டுமென்றே
பழைய தழும்பைக் குழாயில் வைத்துப் பார்த்தேன்.
மாவு இறுகும்போது ஒரு சூடு வருமே,
பிள்ளைகள் "சுடுதும்மா" என்று சிணுங்குவார்களே,
அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மணிக்கட்டு முழுக்க அரிப்பு.
நாடாவின் கண்ணாடித் தூள்,
தேங்காயெண்ணெய்க்கும் மசியவில்லை.
தண்டையார்பேட்டைப் பையன் ஒருவன்,
சுவரேறிக் குதித்த கை, கேட்டான்:
"என்னக்கா, சொறிஞ்சுக்கிட்டே இருக்கீங்க?"
"காருக்குக் கட்டுப் போட்டேன்."
"எங்க ஒடஞ்சுது?"
"ஒடையல. இன்னும் ரோட்டுக்கே போகல."
வலியை மறந்து யோசித்தான்.
"அப்ப ரோட்டுக்குப் போறப்ப அவுத்துடுவீங்களா?"

அவன் விரல்நுனியை அழுத்தினேன்.
வெளுத்தது.
விட்டேன். சிவந்தது.